முத்துப்பேட்டை லகூன்: ஒரே வருஷத்து ரெண்டு சேட்டிலைட் படம், நேர்மாறா ரெண்டு விடை. எதை நம்புறது?

நெய்தல்நிலா:
வணக்கம் மக்களே. எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் லகூனையும் (கடலோட சேர்ற காயல்) எடுத்திருக்கேன், முப்பது வருஷத்துல ஈரநிலம் எவ்ளோ மாறியிருக்குன்னு பாக்கணும், அவ்ளோதான் தலைப்பு. பழசுக்கு 90கள் ஆரம்பத்து லேண்ட்சாட் 5 படம் ஒன்னு, பிப்ரவரி மாசத்தது, மேகம் இல்லாம கைக்கு கிடைச்சது அதுதான். புதுசுக்கு 2023 மே மாச சென்டினல்-2. தண்ணிக்கு எம்என்டிடபிள்யூஐ, காட்டுக்கு என்டிவிஐ (படத்துல தண்ணியையும் பச்சையையும் பிரிச்சுக் காட்டுற இன்டெக்ஸ் கணக்கு), ரெண்டையும் ஓட்டி கழிச்சு பாத்தா தண்ணிப் பரப்புல பெரும்பகுதி காணோம். சரி பெரிய விஷயம்தான் போலன்னு நெனச்சுட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு அதே 2023 ஜனவரி படத்தையும் ஓட்டினேன். அதுல 90களை விட தண்ணி கூடுதலா இருக்கு! காடும் அப்படித்தான், ஜனவரில பரந்து விரிஞ்சு கிடக்கு, மே மாசத்துல சுருங்கிப்போச்சு. நாலே மாசத்துல காடு அவ்ளோ குறையுமா என்ன. கைடு என்னடான்னா "அழிஞ்சுபோச்சுன்னு வர்ற படத்தையே வைம்மா, அதுதான் பேப்பர் ஆகும்"ங்கிறார். எனக்கு மனசு ஒப்பல. ரெண்டுல எது சரி?

பிக்சல்பாண்டி:
ரெண்டுமே சரி, ரெண்டையும் கழிச்சு பாக்குறதுதான் தப்பு. அந்த ரெண்டு படமும் ரெண்டு நாளோட நெலமைய சொல்லுது, முப்பது வருஷ மாற்றத்த சொல்லல. கைடு சொல்றத கேட்டு மே படத்த மட்டும் வச்சீங்கன்னா, வைவால யாராவது ஒருத்தர் "ஜனவரில என்ன வருது?"ன்னு கேட்டா முடிஞ்சுது கதை.

மொதல்ல நாலு விஷயம் சொல்லுங்க. ரெண்டு படத்தோட சரியான தேதி, அன்னிக்கு கடல் ஏத்தமா வத்தமா, அதுக்கு முந்தின மாசம் மழை எப்படி, அப்புறம் எம்என்டிடபிள்யூஐக்கு கட்-ஆஃப் (எந்த மதிப்புக்கு மேல போனா தண்ணின்னு எடுத்தீங்க) சீரோவா வேற ஏதாவதா.

நெய்தல்நிலா:
கட்-ஆஃப் சீரோதான் சார். கடல் ஏத்தம் வத்தம் எல்லாம் பாக்கவே இல்ல, நம்ம கரையில ஓதம் ஒரு மீட்டர் கூட வராதே, குஜராத் காம்பே வளைகுடா மாதிரி பத்து மீட்டரா ஏறி இறங்குதுன்னு விட்டுட்டேன்.

லகூன்காரன்:
தங்கச்சி நான் முத்துப்பேட்டைதான். ஒரு மீட்டர் வேணாம்மா, ஒரு சாண் போதும். எங்க பக்கம் தரையே அப்படி, லகூன் ஓரத்துல நின்னு பாத்தா எது தரை எது தண்ணின்னு பழகாதவங்களுக்கு தெரியாது, ஒரு சாண் தண்ணி ஏறுனா அர மைல் உள்ள வந்துரும், எறங்குனா சேறு மின்னும். காத்து மாறினாலே தண்ணி ஒரு பக்கமா ஒதுங்கும், அதுக்கு அமாவாச கூட வேணாம்.

ஜனவரி மே கணக்குக்கு வர்றேன். ஜனவரில எங்க லகூன்ல இருக்கிறது பாதி ஆத்துத் தண்ணி. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரக்காக்கோரையாறு எல்லாம் வந்து சேர்ற எடம் இது, காவிரியோட கடைசி வாய். மேட்டூர ஜூன் 12 தொறந்து ஜனவரி 28 மூடுறது வழக்கம், அதுல வடகிழக்கு மழை வேற ஐப்பசி கார்த்திகைல கொட்டும், வயல் வடிகால் தண்ணி மொத்தமும் இங்கதான் வந்து நிக்கும். மே மாசம் ஆறு காஞ்சு கிடக்கும், வெயில்ல தண்ணி வத்தி உப்பு பூக்கும். உங்க படத்துல வெள்ளையா மின்னுற எடம் இருந்தா அது மணல் இல்ல, பெரும்பாலும் உப்பு பூத்த சேறு. ஜனவரில அதே எடத்துல படகு போகும்.

எழில்_கோடு:
லகூன்காரன் அண்ணன் சொன்னத அப்படியே கோடா எழுதலாம். ஒரே ஒரு படத்த எடுத்து "அந்த வருஷம்"னு சொல்றத விட்டுட்டு, கூகுள் எர்த் எஞ்சின்ல (சேட்டிலைட் படங்கள ஆன்லைன்லயே கணக்கு போடுற எடம்) வருஷா வருஷம் கிடைக்கிற மேகமில்லாத எல்லா படத்தையும் எடுத்து ஒவ்வொரு பிக்சலுக்கும் நூத்துக்கு எத்தன தடவ தண்ணியா இருந்துச்சுன்னு கணக்கு போடுங்க. எப்பவும் தண்ணி, எப்பவும் தரை, நடுவுல ஏறி எறங்குற பகுதி, இப்படி மூனா பிரியும். ஈரநிலத்தோட உயிரே அந்த மூனாவதுதான், ஒத்த படத்துல அது ஒன்னு தண்ணி கணக்குல போயிடும், இல்ல தரை கணக்குல போயிடும்.

இதையே உலகம் முழுக்க பண்ணி வச்சிருக்காங்க. ஐரோப்பிய கூட்டு ஆய்வு மையத்தோட உலக மேற்பரப்பு நீர் வரைபடம், லேண்ட்சாட் படங்கள வச்சு 1984ல இருந்து, 30 மீட்டர்ல. 2016ல நேச்சர்ல வந்துச்சு. மொதல்ல அத தெறந்து முத்துப்பேட்டைக்கு ஜூம் பண்ணி பாருங்க, உங்க மே மாச "இழப்பு"ல எவ்ளோ வெறும் பருவகாலத் தண்ணின்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

பிக்சல்பாண்டி:
எழில் சொல்றது சரி, ஆனா ஒரு ஓட்டை இருக்கு. 90கள்ல நம்ம ஊருக்கு லேண்ட்சாட் 5 படமே கம்மி, சில வருஷத்துக்கு நல்ல படம் ஒன்னு ரெண்டுதான் தேறும். இப்ப சென்டினல்-2 அஞ்சு நாளைக்கு ஒருதடவ வருது. ஒரு பக்கம் ரெண்டு சாம்பிள், இன்னொரு பக்கம் நாப்பது சாம்பிள் வச்சுட்டு "பருவகாலப் பகுதி அதிகமாயிடுச்சு"ன்னு சொன்னா, அதிகமானது படம்தான். அதனால புதுசையும் பழசு அளவுக்கு கொறச்சு, அதே மாசத்துல இருந்து மட்டும் எடுத்து ஒப்பிடணும். 10 மீட்டர 30 மீட்டரா மாத்தியும் பாக்கணும்.

லேண்ட்சாட் 7 படம் எடுத்தா 2003 மே 31க்கு முந்தினத எடுங்க. அன்னிக்குத்தான் அதுல ஸ்கேன் லைன் கருவி கெட்டுப்போச்சு, அதுக்கப்புறம் வர்ற எல்லா படத்துலயும் வரிவரியா கறுப்பு, நூத்துக்கு 22 பிக்சல் போல காணாம போயிரும். லேண்ட்சாட் படத்த தேட முத்துப்பேட்டைக்கு முகவரி பாத் 142 ரோ 53, பிச்சாவரத்துக்கு ரோ 52.

சர்வேயர்_ஐயா:
பிள்ளைங்களா, 30 மீட்டர் 10 மீட்டர்னு பேசுறீங்களே, அத நெலமா யோசிச்சு பாருங்க. லேண்ட்சாட் ஒரு பிக்சல் 900 சதுர மீட்டர், சுமார் 22 சென்ட். சென்டினல் பிக்சல் ரெண்டரை சென்ட். 70கள்ல வந்த மொத லேண்ட்சாட்டோட எம்எஸ்எஸ் (அந்த காலத்து ஸ்கேனர்) படம் இப்ப 60 மீட்டர் பிக்சலாத்தான் கிடைக்கும், அது முக்கால் ஏக்கருக்கு மேல. 22 சென்ட்ல ஒரு மூலை கண்டல் (அலையாத்தி) மரம், நடுவுல வாய்க்கால், மிச்சம் சேறுன்னா அந்த பிக்சல் என்ன கலர்ல இருக்கும்? மூனும் கலந்த ஒரு கலர்ல. அத சாஃப்ட்வேர் ஏதோ ஒரு பேர் வச்சு பெட்டில போட்டுரும். பெரிய காட்டுக்கு நடுவுல இது பிரச்சினை இல்ல, ஓரத்துலதான் பிரச்சினை, ஆனா மாற்றம் நடக்குறதும் ஓரத்துலதானே.

இன்னொன்னு. ரெண்டு படத்தையும் ஒன்னு மேல ஒன்னு வச்சா சரியா பொருந்துதான்னு பாருங்க. அர பிக்சல் நகர்ந்து இருந்தாலே ஓடைக் கரை பூரா ஒரு பக்கம் "காடு அழிஞ்சது", எதிர்ப்பக்கம் "காடு வளந்தது"ன்னு கோடு கோடா வரும். அந்த மாதிரி ஜோடிக் கோடு பாத்தா சந்தேகப்படுங்க.

கொள்ளிடக்கரை:
ஐயா சொன்ன 22 சென்ட் கணக்கு இன்னொரு எடத்துல சுருக்குனு குத்துது. சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டல) விதில அலையாத்திப் பகுதி 1000 சதுர மீட்டருக்கு மேல இருந்தா அதச் சுத்தி 50 மீட்டர் காப்பு எல்லை விடணும். 1000 சதுர மீட்டர்னா கிட்டத்தட்ட 25 சென்ட், அதாவது லேண்ட்சாட்ல ஒத்த பிக்சல். சட்டம் காப்பாத்துற அளவும் அந்த சேட்டிலைட்டு கண்ணுக்கு தெரியிற கடைசி அளவும் கிட்டத்தட்ட ஒன்னு. இத வச்சுக்கிட்டு "அங்க அலையாத்தியே இல்ல, சேட்டிலைட் மேப் பாருங்க"ன்னு ஒரு மக்கள் கருத்துக்கேட்பு கூட்டத்துல கன்சல்டன்ட் பேசினத நேர்ல கேட்டவன் நான். படம் பொய் சொல்லலைங்க, அந்தப் படத்துகிட்ட கேக்கக்கூடாத கேள்விய கேட்டாங்க.

அதனாலதான் நான் பொதுவா இந்த சேட்டிலைட் ஆராய்ச்சி மேலயே நம்பிக்கை இல்லாத ஆளு, மன்னிச்சுக்கோங்க. வன நிலை அறிக்கைல 1987ல தமிழ்நாட்டுல அலையாத்தி 23 சதுர கிலோமீட்டர், 2021ல 45. இரட்டிப்பாம். நடுவுல உப்பளம் எவ்ளோ, இறால் பண்ணை எவ்ளோ வந்துச்சு, அதுக்கெல்லாம் மத்தியில காடு இரட்டிப்பாச்சா?

பிக்சல்பாண்டி:
தோழர், அந்த ரெண்டு நம்பரையும் கோடு போட்டு இணைக்கவே கூடாது. 1987 அறிக்கைக்கு பயன்படுத்தினது 1981–83 லேண்ட்சாட் எம்எஸ்எஸ் படம், 80 மீட்டர், பிரிண்ட் எடுத்து கண்ணால பாத்து கோடு போட்டது, 1:10 லட்சம் அளவு வரைபடம், 400 ஹெக்டேருக்கு கீழ இருக்கிறது எதுவும் கணக்குலயே வராது. பிச்சாவரம் மொத்தமே 1100 ஹெக்டேர் சுமாருக்கு துண்டு துண்டா இருக்கிற எடம், அதுல எது மாட்டும் எது விட்டுப்போகும்னு நீங்களே யோசிங்க. இப்ப நம்ம நாட்டு சேட்டிலைட்டோட லிஸ்-3 கேமரா, 23.5 மீட்டர், 1:50,000, ஒரு ஹெக்டேர் வரைக்கும் புடிக்கும். கூடினதுல ஒரு பங்கு மரம், ஒரு பங்கு கண்ணாடி மாத்தினது. எவ்ளோ எதுன்னு அந்த அறிக்கைய மட்டும் வச்சு பிரிக்க முடியாது.

ஆனா "இரட்டிப்பு பொய்"னும் நான் சொல்லமாட்டேன். பிச்சாவரத்துல உண்மையாவே வளந்திருக்கு, அது படத்துல தெளிவா தெரியும்.

கழுவெளி_பறவை:
ஆமா பிச்சாவரம் கதைய சொல்லியே ஆகணும், ஏன்னா சேட்டிலைட் படம் உருப்படியா வேலை செஞ்ச எடம் அது.

வெள்ளைக்காரன் காலத்துல இருந்து 1970கள் வரைக்கும் கூப்பு போட்டு, அதாவது காட்ட பகுதி பகுதியா பிரிச்சு, மொட்டையா வெட்டுனாங்க. வெட்டின எடம் திரும்ப வளரவே இல்ல. ரொம்ப நாளா "மாடு மேயுது, சனங்க விறகு வெட்டுறாங்க"ன்னுதான் பழி. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளைக்காரங்க 90கள்ல நுணுக்கமா பாத்தப்ப காரணம் வேற. மரத்த எடுத்ததும் சேறு வெயில்ல காஞ்சு அமுங்கிப்போச்சு, நடுவுல பள்ளம் விழுந்த பழைய ஈயத்தட்டு மாதிரி ஆயிடுச்சு. ஓதத்துல உள்ள வந்த தண்ணி வெளிய போக வழியில்லாம அங்கயே நின்னு ஆவியாகி, மண்ணுல உப்பு ஏறி ஏறி கண்டல் விதை கூட முளைக்காத நெலம். அதனால மீன் முள்ளு வடிவத்துல வாய்க்கால் வெட்டி ஓதத் தண்ணி வந்து போக வழி பண்ணி நட்டாங்க. முத்துப்பேட்டைலயும் அதே வேலை நடந்துச்சு.

கூகுள் எர்த் ப்ரோல பழைய தேதிக்கு இழுத்துட்டு போய் பாருங்க, அந்த மீன் முள்ளு அப்படியே தெரியும், வருஷம் போகப் போக வாய்க்கால் ரெண்டு பக்கமும் பச்சை தடிச்சு கடைசில முள்ளே மறைஞ்சிரும். லேண்ட்சாட்ல கிளை வாய்க்கால் தெரியாது, ரொம்ப குறுகல், ஆனா 90கள் படத்துல வெறும் சேறா இருந்த திட்டு 2000கள்ல சிவப்பா வர்றது தெரியும் (ஃபால்ஸ் கலர் படத்துல பச்சை சிவப்பாத்தான் தெரியும்). பிச்சாவரம் 2022ல ராம்சார் பட்டியலுக்கும் (உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்) வந்துச்சு.

லகூன்காரன்:
எங்க ஊர்ல மீன்பிடிக்கவே வாய்க்கால் வெட்டி வச்சிருக்கோம், லகூன்ல இருந்து காட்டுக்குள்ள. அந்த வாய்க்கால் கரையில மரம் நல்லா நிக்கும். இத படிச்சவங்க வந்து கண்டுபுடிச்சாங்கன்னு சொன்னா எங்க பெருசுங்க சிரிப்பாங்க :)

கொள்ளிடக்கரை:
சரி பிச்சாவரத்துக்கு ஒத்துக்கறேன். ஆனா அங்கயும் படத்த வச்சு அளவுக்கு மீறி பேசினவங்க உண்டு. 2004 சுனாமிக்கு அப்புறம் கடலூர் கரையில முன்ன பின்ன எடுத்த படங்கள வச்சு, மரம் இருந்த எடத்துக்கு பின்னாடி சேதம் கம்மின்னு 2005ல சயின்ஸ்ல கட்டுரை வந்துச்சு. அதே வருஷம் கதிரேசன், ராஜேந்திரன் ரெண்டு பேரும் அதே கரை கிராமங்கள வச்சு அலையாத்தி காப்பாத்துச்சுன்னு எழுதினதுக்கு, கடல்ல இருந்து தூரமும் தரை உயரமும் சேத்து கணக்கு போட்டா மரத்தோட பங்கு பெருசா நிக்கலைன்னு 2006ல மறுப்பும் வந்துச்சு. நான் அலையாத்தி காப்பாத்துச்சுன்னு நம்புற ஆளுதான், ஆனா பச்சையா இருந்த ஊரெல்லாம் மேட்டுல தள்ளி இருந்த ஊரா போயிட்டா படம் அத தனியா சொல்லாதுல்ல.

நெய்தல்நிலா:
எல்லாருக்கும் நன்றி, ஆனா என் காட்டுக் கணக்கு இன்னும் புரியல. தண்ணி ஏறி எறங்கும், சரி. அலையாத்தி இலை உதிர்க்காத மரமாச்சே, ஜனவரில பெருசாவும் மே மாசம் சின்னதாவும் ஏன் தெரியணும்?

லகூன்காரன்:
சம்பா நெல்லுமா அது.

பிக்சல்பாண்டி:
ஹாஹா, ஒரே வரில முடிச்சிட்டார். கடைமடைல சம்பா அறுப்பு தை மாசி வரைக்கும் இழுக்கும், ஜனவரில வயல் பூரா பச்சை. என்டிவிஐங்கிறது அகச்சிவப்பு கழித்தல் சிவப்பு, வகுத்தல் ரெண்டோட கூட்டல், அவ்ளோதான், பச்சை எங்க இருந்தாலும் அது ஏறும், நெல்லா கண்டலான்னு அதுக்கு தெரியாது. உங்க பழைய படமும் பிப்ரவரி, அதுலயும் கொஞ்சம் நெல்லு காடா உக்காந்திருக்கும். அதனால காட்டுக்கு மட்டும் ஏப்ரல் மே படம்தான் நல்லது, வயல் தரிசா கிடக்கும், மேகமும் கம்மி.

ஆனா மே மாசமும் தப்பிக்க முடியாது. தென்னந்தோப்பு, சவுக்கு, சீமைக்கருவேலம் மூனும் கோடைலயும் பச்சைதான். இங்க ஸ்விர் (குறு அலை அகச்சிவப்பு) பேண்ட் கை கொடுக்கும், அலையாத்திக்கு அடியில எப்பவும் ஈரச் சேறு இருக்கிறதால ஸ்விர் பிரதிபலிப்பு கம்மியா வரும், கருவேலத்துக்கு அடியில காஞ்ச மண்ணு, கூடுதலா வரும். லேண்ட்சாட் 5ல பேண்ட் 5, லேண்ட்சாட் 8ல பேண்ட் 6, சென்டினல்-2ல பேண்ட் 11, அது மட்டும் 20 மீட்டர். அதோட தரை உயரமும் ஓடையில இருந்து தூரமும் சேத்து கொடுத்தா தென்னை பெரும்பாலும் கழிஞ்சு போயிரும்.

எழில்_கோடு:
தண்ணிக்கும் ஒரு வார்த்தை. எம்என்டிடபிள்யூஐ கலங்கின தண்ணிக்கு நல்லது, ஏன்னா எவ்ளோ சேறு கலந்திருந்தாலும் தண்ணி ஸ்விர முழுங்கிடும், பழைய என்டிடபிள்யூஐ கலங்கல்ல தடுமாறும். ஆனா அதுக்கு பதிலா இது இப்பதான் தண்ணி எறங்கின ஈரச் சேத்தையும் தண்ணின்னு சொல்லிடும். சீரோ கட்-ஆஃப் எல்லா படத்துக்கும் சரிவராது, ஹிஸ்டோகிராம் (எந்த மதிப்புல எத்தன பிக்சல்னு காட்டுற வரைபடம்) பாத்து ஒவ்வொரு படத்துக்கும் தனியா வைங்க.

கழுவெளி_பறவை:
நிலா, இன்னொரு பொறி இருக்கு, நெறைய பேப்பர்ல இத கவனிக்காம "நீர்ப்பரப்பு அதிகரிப்பு"ன்னு சந்தோஷமா எழுதியிருப்பாங்க. இறால் குட்டை. கடலோர சதுப்புல குட்டை வெட்டி தண்ணி நெறச்சா எம்என்டிடபிள்யூஐ கணக்குல அது தண்ணி, அதாவது ஈரநிலம் கூடிருச்சு. அறுவடை முடிஞ்சு காய விட்டா அது வெறும் மண்ணு, ஈரநிலம் அழிஞ்சிருச்சு. ரெண்டும் இல்ல, அங்க சதுப்பு போயி குட்டை வந்திருக்கு, அதுதான் நடந்தது. வேதாரண்யம் பக்கம் உப்பளமும் இப்படித்தான், மழைக்காலத்துல ஏரி மாதிரி தெரியும், பாத்தி ஓடுற மாசத்துல கட்டம் கட்டமா வெள்ளையும் சாம்பலும்.

இத இன்டெக்ஸ் கண்டுபுடிக்காது, கண்ணு கண்டுபுடிக்கும். நேர் கோடு, செங்கோண மூலை, ஒரே அளவு. ஓதம் செதுக்கின ஓடை எதுவும் நேரா போகாது. அதனால குட்டைக்கும் உப்பளத்துக்கும் தனி வகுப்பு வச்சு கையால கோடு போடுங்க, சோம்பப்படாதீங்க. 1996 டிசம்பர்ல உச்சநீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள்ள இறால் பண்ணை கூடாதுன்னு சொன்னது, 2005ல கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், இந்த ரெண்டு தேதிக்கும் முன்ன பின்ன ஒவ்வொரு படம் எடுத்தீங்கன்னா உங்க தீசிஸ்ல அதுதான் எல்லாரும் படிக்கிற அத்தியாயமா இருக்கும். கைடுக்கும் பேப்பர் ஆச்சு.

சர்வேயர்_ஐயா:
லேண்ட்சாட் வந்த 1972க்கு முன்னாடி வேணும்னா வழி இருக்கு. சர்வே ஆஃப் இந்தியா பழைய டோப்போ ஷீட்டுல சதுப்பு, அலையாத்தி, உப்பளம் எல்லாத்துக்கும் தனித்தனி குறி போட்டிருக்கும், அந்த காலத்து ஆளுங்க நடந்து போய் போட்டது. அப்புறம் அமெரிக்க உளவு சேட்டிலைட் கரோனா, 1960ல இருந்து 72 வரைக்கும் ஃபிலிம்ல எடுத்து தள்ளினது, 1995ல ரகசியம் நீக்கிட்டாங்க. கறுப்பு வெள்ளைதான், ஆனா லேண்ட்சாட்ட விட பல மடங்கு கூர்மை. வளைஞ்சு நெளிஞ்சு இருக்கும், பொருத்தி எடுக்குறதுக்குள்ள கண்ணு பூத்துரும். கோயில், ரோடு சந்திப்பு, ரயில் பாலம் இந்த மாதிரி மாறாத எடமா பாத்து புள்ளி வைக்கணும். கடற்கரை ஓரத்துல வச்சீங்கன்னா கரையே நகர்ந்திருக்கும், கெட்டுது போங்க.

நெய்தல்நிலா:
கஜா புயல் பத்தியும் ஒரு பகுதி வைக்கணும்னு இருக்கேன். 2018 நவம்பர் 16. அதுக்கு முன்ன பின்ன என்டிவிஐ பாத்தா பெரிய விழுக்காடு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. காடு மீண்டுருச்சுன்னு எழுதலாமா?

லகூன்காரன்:
பச்சை வந்துருச்சு, ஆனா மரம் வந்துருச்சான்னா எடத்துக்கு எடம் வேற. புயல் அன்னிக்கு இலைபூரா உருவிட்டு போயிருச்சு, தீ வச்ச மாதிரி பழுப்பா நின்னுச்சு காடு. கண்டல்ல சிலது அடிமரத்துல இருந்து தளிர் விட்டுச்சு, சிலது நின்னபடியே பட்டுப்போச்சு. பட்டமரத்துக்கு அடியில உமிரிச் செடி படர்ந்திருக்கு, மேல இருந்து பாத்தா அதுவும் பச்சைதானே.

பிக்சல்பாண்டி:
இதுக்கு மேல நான் சொல்ல ஒன்னுமில்ல, ஆனாலும் சொல்றேன். என்டிவிஐ பச்சையத்தத்தான் பாக்கும், உசரத்தையோ கட்டைப் பருமனையோ பாக்காது. அதுக்கு ரேடார் வேணும். சென்டினல்-1 ரேடார் சி-பேண்ட், குட்டை அலை, மேகம் இருந்தாலும் ராத்திரியானாலும் எடுக்கும், ஆனா இலைப்பரப்போட நின்னுரும். எல்-பேண்ட் நீள அலை, இலைய தாண்டி உள்ள போகும், தண்ணில நிக்கிற அடிமரத்துல பட்டு ரெண்டு தடவ திரும்பி வர்றதால வெள்ளம் நிக்கிற காடு பளீர்னு தெரியும். உலக அலையாத்தி கண்காணிப்பு வரைபடம் ஜப்பான்காரன் எல்-பேண்ட் ரேடாரயும் லேண்ட்சாட்டயும் சேத்து போட்டது, 1996ல இருந்து இருக்கு. இப்ப நாசாவும் இஸ்ரோவும் சேந்து செஞ்ச நிசார் ரேடார் சேட்டிலைட் வேற 2025 ஜூலை 30 ஏவியாச்சு, எல்-பேண்டும் எஸ்-பேண்டும் சேந்து 12 நாளைக்கு ஒருதடவ.

சென்டினல்-1ல இன்னொரு லாபம். லேண்ட்சாட்டும் சென்டினல்-2வும் எப்பவுமே காலை பத்தரை வாக்குலதான் நம்ம தலைக்கு மேல போகும். அமாவாசை பௌர்ணமி அன்னிக்கு ஒரு ஊர்ல ஓதம் ஏறுற கடிகார நேரமும் கிட்டத்தட்ட மாறாது. அதனால அந்த பெரிய ஏத்தம் உச்சத்துல இருக்கிறதயோ அடியில இருக்கிறதயோ இந்த ரெண்டு சேட்டிலைட்டும் எத்தன வருஷம் சுத்தினாலும் பாக்காமலே போகலாம். சென்டினல்-1 காலை ஆறு மணி வாக்குல வருது, வேற நிலை கிடைக்கும். ஆனா காத்தடிச்சு அலை எழும்பினா ரேடார்ல தண்ணி வெளுத்துரும், வழவழப்பான காஞ்ச உப்பளம் தண்ணி மாதிரி கறுத்துரும், அதையும் மனசுல வச்சுக்கோங்க.

கழுவெளி_பறவை:
நிசார் ஏவினது ஸ்ரீஹரிகோட்டால. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல சுவர் மாதிரி கிடக்கிற தீவு அது. ஈரநிலத்த பாக்குற சேட்டிலைட் ஈரநிலத்து ஓரத்துல இருந்தே கிளம்புது, யாரும் இத சொல்லமாட்டேங்கிறாங்களேன்னு சொன்னேன், நீங்க தொடருங்க.

கொள்ளிடக்கரை:
எல்லாம் சரி, கடைசில நிலா ஒரு நம்பர் எழுதுவாங்க, "இத்தனை ஹெக்டேர் இழப்பு"ன்னு. அந்த நம்பர யாரோ ஒரு அதிகாரி, இல்ல ஒரு கம்பெனி, கையில எடுக்கும். அதுக்கு எவ்ளோ முன்ன பின்ன இருக்கும்னு யார் சொல்லுவா?

பிக்சல்பாண்டி:
நிலாதான் சொல்லணும். ரெண்டு வரைபடம், ஒவ்வொன்னும் 85 சதவீதம் சரின்னு வச்சுக்கோங்க, கேக்க நல்லாத்தான் இருக்கும். ஒன்னோட ஒன்னு ஒப்பிட்டா 0.85 பெருக்கல் 0.85, 72 சதவீதம். நூத்துல 28 எடத்துல மாறினதா மாறலயான்னே உறுதியில்ல. மாறின பரப்பு மொத்தத்துல பத்து சதவீதம்னா அது அந்த 28க்குள்ள முழுகிப்போயிரும். அதனால பிக்சல் எண்ணி ஹெக்டேர் சொல்லாதீங்க. மாறின பகுதி, மாறாத பகுதி ரெண்டுலயும் சீரற்ற புள்ளி போட்டு கூகுள் எர்த்லயோ நேர்லயோ சரிபாத்து, அதுல இருந்து பரப்ப கணக்கு போட்டு, கூட்டல் கழித்தல் எவ்ளோன்னு பக்கத்துலயே எழுதுங்க. கைடுக்கு புடிக்காது. எழுதுங்க.

நெய்தல்நிலா:
சரி இப்படி பண்ணலாம்னு இருக்கேன், தப்பிருந்தா சொல்லுங்க. காட்டுக்கு ஏப்ரல்–மே மட்டும். 90களுக்கு கோடைப் படம் ஒன்னு தேடிப்பாத்து, கிடைக்கலன்னா 2000 பக்கம் லேண்ட்சாட் 7ல இருந்து ஆரம்பிக்கிறேன், முப்பது வருஷம் இருபத்து சொச்சமா குறைஞ்சாலும் பரவால்ல. தண்ணிக்கு ஒத்தப் படம் கிடையாது, கோடை தனி மழைக்குப் பின் தனி, பழசுலயும் புதுசுலயும் ஒரே எண்ணிக்கை. இறால் குட்டையும் உப்பளமும் கையால. நாகப்பட்டினம் ஓத அட்டவணைய வச்சு ஒவ்வொரு படத்துக்கும் கடல் மட்டம் குறிச்சுக்கறேன்.

லகூன்காரன்:
நாகப்பட்டினம் கணக்கு லகூனுக்கு அப்படியே ஒத்துவராது தங்கச்சி, முகத்துவாரம் தாண்டி உள்ள வர்றதுக்குள்ள ஏத்தம் லேட்டாகும், பாதியா கொறஞ்சும் போகும். முகத்துவாரத்துல மணல் அடைச்சிருந்தா இன்னும் மோசம். உங்க படத்து தேதிங்கள இங்க போடுங்க, ஜாம்புவானோடைல படகு ஓட்டுறவங்ககிட்ட கேட்டு அந்த மாசம் வாய் எப்படி இருந்துச்சு, ஆத்துல தண்ணி வந்துச்சான்னு சொல்றேன். 2000த்துக்கு பின்னாடி வருஷம்னா ஆளுக்கு ஞாபகம் இருக்கும், அதுக்கு முன்னாடின்னா பெருசுங்கள புடிக்கணும்.

எழில்_கோடு:
அந்த தேதிப் பட்டியல நானே எடுத்து தரேன் நிலா, பாத் ரோவும் மேக சதவீதமும் கொடுத்தா எர்த் எஞ்சின்ல ரெண்டு நிமிஷ வேலை. மேகம் எவ்ளோ வரைக்கும் ஓகே, 10 சதவீதமா 20ஆ?

பிக்சல்பாண்டி:
முழு படத்துக்கான மேக சதவீதத்த வச்சு வடிகட்டாத எழில். ஒரு படம் 185 கிலோமீட்டர் அகலம், மேகம் பூரா கடல் மேல நின்னுட்டு லகூன் பளிச்னு இருக்கிற படமெல்லாம் அடிபட்டு போயிரும், ஏற்கனவே 90கள்ல பஞ்சம். 70 வரைக்கும் விட்டுட்டு லகூன் எல்லைக்குள்ள மட்டும் மேகம் கணக்கு பண்ணு.

நெய்தல்நிலா:
எல்லைக் கோப்பு நாளைக்கு போடறேன். அதிராம்பட்டினம் பக்கம் எதுவரைக்கும் சேத்துக்கணும்னு லகூன்காரன் அண்ணன் சொன்னா நல்லாருக்கும்.